தாளைத் தின்னுது, தவிட்டைத் தொடவில்லை

போச்சம்பள்ளி பக்கம் கால்நடை மருத்துவராக வேலை பார்த்த முதல் வருடம். கன்று போட்டு மூன்று வாரமான எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பின மாடு, வேளைக்கு எட்டு லிட்டர் கறந்தது நாலுக்கு இறங்கியிருந்தது. "ராகித் தாளைத் தின்னுது டாக்டரே, தவுடு புண்ணாக்கு வெச்சா மூஞ்சியத் திருப்பிக்குது" என்றார் வீட்டுக்கார அம்மா. நோயை அவரே சொல்லிவிட்டார், எனக்குத்தான் காது கேட்கவில்லை. அஜீரணம் என்று வயிற்றுப் பொடி கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் மறுபடி போனால் விலா எலும்பு தெரிகிறது, சாணி கெட்டி உருண்டையாக விழுகிறது. மூக்கருகே குனிந்தபோது நகச்சாயம் அழிக்கிற திரவத்தின் வாடை. சிறுநீரைப் பிடித்து, கீட்டோன் இருந்தால் காட்டிக்கொடுக்கும் ரோத்தரா பரிசோதனை செய்தேன், குழாயில் கத்தரிப்பூ நிறம் ஏறியது. கீட்டோசிஸ், அதாவது உடம்பில் கீட்டோன் மிஞ்சிப்போகும் நோய்.

பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செய்யக் குளுக்கோஸ் வேண்டும். ஆனால் மாடு தின்னும் மாவுச்சத்து பெரும்பாலும் அப்படியே சர்க்கரையாக ரத்தத்துக்குப் போவதில்லை. முதல் வயிற்றிலேயே நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துவிடும், அதில் கிடைக்கும் புரோப்பியோனேட் என்ற அமிலத்தை வைத்துக் கல்லீரல்தான் குளுக்கோஸ் செய்தாக வேண்டும். (வெல்லம் கரைத்து ஊற்றினால் பெரிதாகப் பலனில்லாததும் இதனால்தான்.) கன்று போட்டதும் பால் ஏறுகிற வேகத்துக்குத் தீனி ஏறாது. இன்சுலின் குறையும், உடம்புக் கொழுப்பு கரைந்து கொழுப்பு அமிலமாகக் கல்லீரலில் வந்து குவியும். அதை உடைத்தால் வரும் அசிட்டைல் கோ-ஏ முழுதாக எரிய ஆக்சலோஅசிட்டேட் என்ற இன்னொரு பொருளின் துணை வேண்டும், அதையோ கல்லீரல் ஏற்கெனவே குளுக்கோஸ் செய்ய எடுத்துவிட்டது. எரியாமல் நிற்பது கீட்டோனாகிறது. அதற்கும் மிஞ்சினால் கல்லீரலிலேயே கொழுப்பு படியும். படிந்ததை வெளியே அனுப்புவதில் மாட்டின் கல்லீரல் ரொம்ப மந்தம்.

25 சதவீத டெக்ஸ்ட்ரோஸை (குளுக்கோஸ் கரைசலை) நரம்பில் ஏற்றினேன், சாயங்காலமே தலை தூக்கியது. ஆனால் அது சில மணி நேரத்துக் காசு, தீர்ந்ததும் பழைய கதைதான். அதனால் புரொப்பிலீன் கிளைக்காலை ஐந்து நாள் வாய்வழி ஊற்றச் சொன்னேன். அதைக் கல்லீரல் குளுக்கோஸாக மாற்றிக்கொள்ளும்.

மாடு எழுந்த பிறகுதான் விசாரித்தேன். "சினையாச்சேன்னு ரெண்டு மாசம் நல்லாத் தேத்தினேனே!" என்றார் அந்த அம்மா. கறவை நின்ற மாட்டை வாலடியில் கொழுப்பு திரளும்வரை கொழுக்கவைத்திருக்கிறார். அந்தக் கொழுப்புதான் கன்று போட்டதும் மொத்தமாக உருகியது. பாசத்தோடு செய்ததை எப்படிக் குற்றம் சொல்வது? மெதுவாகத்தான் சொன்னேன்.

அடுத்த முறை சினையாக இருந்தபோது தடுப்பூசி போடப் போயிருந்தேன். மாடு அளவான உடம்போடு நின்றது. பக்கத்து வீட்டில் யாரோ "ஏன் மாட்டைக் காயப்போடறே?" என்று கேட்டார்களாம்.

"டாக்டர் சொன்னாருன்னு உங்க மேல போட்டுட்டேன் சார்" என்றார் அந்த அம்மா.