பச்சை உடம்பில் பச்சை குத்தலாமா?

மகள் பிறந்த ஐந்தாம் மாதத்தில், அவளுடைய பெயரின் முதல் எழுத்தை முன்கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது. சொன்ன இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான் திரும்பி வந்தது: "மை பாலில் கலந்துவிடாதா?" நானும் பல வாரங்கள் அதே கேள்வியைத்தான் சுமந்துகொண்டு திரிந்தேன். அது தவறான கேள்வி அன்று. ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அன்று. பச்சை குத்துதல் என்ற பெயரிலேயே நிறமும் இருக்கிறது, குத்தும் இருக்கிறது. நாங்கள் எல்லாரும் நிறத்தை நினைத்துப் பயந்துகொண்டிருந்தோம். பயப்பட வேண்டியது குத்துக்கு.

மையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஊசி மேல்தோலைக் கடந்து, ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில், உள்தோலில் நிறமியை இறக்குகிறது. உடல் அதை அந்நியப் பொருளாகக் கண்டு, விழுங்கு செல்களை அனுப்புகிறது. அவை துகள்களை விழுங்கி அங்கேயே தங்கிவிடுகின்றன. அந்தச் செல் இறக்கும்போது சிந்தும் நிறமியை அடுத்த செல் எடுத்துக்கொள்கிறது என்று 2018இல் பிரான்சில் எலிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு காட்டியது. ஒரு பகுதி நிணநீர்க் கணுக்களுக்கும் போய்ச் சேர்கிறது. தாயின் இரத்தத்திலிருந்து பாலுக்குள் எளிதாகப் புகக்கூடியவை சிறிய மூலக்கூறுகளே. மூலக்கூற்று எடை 800 டால்டனைத் தாண்டினாலே ஒரு மருந்து பாலில் சேர்வது கடினம் என்பார்கள். நிறமித் துகள்களோ அதைவிடப் பன்மடங்கு பெரியவை. ஆகவே மை பாலில் கலக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று மருத்துவர்கள் கருதுவதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும், இது துகளின் அளவை வைத்துச் செய்த அனுமானமே தவிர, பாலை எடுத்து அளந்து சொன்ன முடிவு அன்று. தவிர, மை என்பது நிறமி மட்டுமன்று. அதில் கரைப்பான்களும், பாதுகாப்புப் பொருள்களும், சில வேளைகளில் கன உலோக மாசுகளும் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் பச்சை குத்தும் மைகளில் ஏறத்தாழ 4000 வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது காரணமில்லாமல் அன்று.

இதையெல்லாம் படித்துவிட்டு, குழந்தைக்குத் தடுப்பூசி போடச் சென்றபோது மருத்துவரிடம் கேட்டேன். அவர் ஒரு நிமிடம்கூட மையைப் பற்றிப் பேசவில்லை. "அந்த ஊசி எங்கிருந்து வருகிறது, அதற்கு முன் எதைத் தொட்டது என்று கேளுங்கள்" என்றார்.

இயந்திர ஊசி தோலில் ஆயிரக்கணக்கான முறை துளையிடுகிறது. அந்த ஊசியோ மைக் கிண்ணமோ வேறொருவருக்குப் பயன்பட்டதாக இருந்தால் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்ஐவி ஆகியவை பரவ வழியுண்டு. இவற்றில் எச்ஐவி தாய்ப்பால் வழியாகவே குழந்தைக்குச் செல்லக்கூடியது. ஹெபடைட்டிஸ் சி பால் வழியாகப் பரவுவதாகத் தெரியவில்லை. ஆனால் முலைக்காம்பு வெடித்து இரத்தம் கசிந்தால் அந்தப் பக்கம் பாலூட்டுவதை நிறுத்தச் சொல்கிறார்கள். முதல் மாதங்களில் காம்பு வெடிக்காத தாயை நான் அதிகம் கண்டதில்லை. ஹெபடைட்டிஸ் பிக்குத் தடுப்பூசி இருக்கிறது, பாலூட்டும்போதும் போட்டுக்கொள்ளலாம்.

ஊசி புதிதாக இருந்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. 2011 இறுதியில், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் மைக்கோபாக்டீரியத் தொற்று ஏற்பட்டது. ஏற்கெனவே நீர்த்து விற்கப்பட்ட சாம்பல் நிற மையே அதற்குக் காரணம் என்று கண்டறிந்தார்கள். இத்தகைய தொற்றுக்கு மாதக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவைப்படலாம். பாலூட்டும் தாய்க்கு மருந்தைத் தேர்வதில் அதிகக் கவனம் வேண்டும் என்பதால், மற்றவருக்கு எரிச்சலோடு முடிகிற ஒரு விஷயம் அவளுக்குப் பாலூட்டலையே குலைத்துவிடக்கூடும்.

2015இல் ஆஸ்திரேலியாவில் ஒரு வழக்கு நடந்தது. சில வாரங்களுக்கு முன் பச்சை குத்திக்கொண்டார் என்பதற்காக, பதினொரு மாதக் குழந்தைக்குப் பாலூட்டக் கூடாது என்று ஒரு தாய்க்கு நீதிபதி தடை விதித்தார். அவருடைய ஹெபடைட்டிஸ், எச்ஐவி பரிசோதனை முடிவுகள் தொற்று இல்லை என்றே காட்டியிருந்தன. மேல்முறையீட்டில் அந்தத் தடை நீக்கப்பட்டது. நீக்கியது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதைப் படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. தொற்று உடலில் புகுந்த உடனே பரிசோதனையில் தெரிவதில்லை. எச்ஐவிக்குச் சில வாரங்கள், ஹெபடைட்டிஸ் சி எதிர்ப்பொருள் தென்பட இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். குத்திக்கொண்ட மறுவாரம் பரிசோதித்து நிம்மதியாக இருக்கலாம் என்று நான் போட்டிருந்த கணக்கு அங்கேயே தவறிப்போயிற்று.

இதற்கிடையே ஒரு கலைஞரிடம் போயிருந்தேன். அவர் தந்த படிவத்தில் பாலூட்டுகிறீர்களா என்ற வரி இருந்தது. ஆம் என்று எழுதியதும் மரியாதையாக மறுத்துவிட்டார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த வரியே இல்லாத இடத்தில்தான் கவலைப்பட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

காத்திருந்தேன். பிரசவித்தவளைப் பச்சை உடம்புக்காரி என்கிறோம். அந்த உடம்பு இரத்தம் இழந்தது, தூக்கம் இழந்தது, இன்னும் ஆறிக்கொண்டிருப்பது, அதில் மேலும் ஒரு புண்ணை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. குழந்தை முதல் ஆறு மாதங்களுக்குப் பாலை மட்டுமே நம்பியிருக்கிறது. பிற உணவும் உண்ணத் தொடங்கி ஓராண்டை எட்டும்போது, எனக்குக் காய்ச்சலோ மருந்தோ வந்து சில நாள் பாலூட்ட முடியாமல் போனாலும் அவள் தாங்கிக்கொள்வாள்.

மகளுக்குப் பதினான்கு மாதம் ஆனபோது, இரவில் மட்டும் பாலூட்டிக்கொண்டிருந்த நாள்களில், குத்திக்கொண்டேன். ஊசி உறையை என் கண்ணெதிரே பிரித்தார்கள். மையைச் சிறு கிண்ணத்தில் புதிதாக ஊற்றினார்கள். நீர்க்க வைக்கக் குழாய்த் தண்ணீரைத் தொடவில்லை. தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பை வேண்டாம் என்றேன். 4 சதவீதத்துக்கு மேல் லிடோகெயின் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து கொண்ட இத்தகைய களிம்புகளைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024இல் எச்சரித்திருந்தது. அதுவும் குழந்தையின் வாயும் கையும் படக்கூடிய இடத்தில் எனக்கு அது தேவைப்படவில்லை. பிறகு வலித்தபோது பாரசிட்டமால் போட்டுக்கொண்டேன். அது பாலூட்டும் தாய்க்குப் பொருந்தும், ஆஸ்பிரின்தான் கூடாது. மார்பில் குத்திக்கொள்ள நினைப்பவர்கள் பால்குடி மறக்கும்வரை தள்ளிப்போடுவதே நல்லது. அங்கே ஏற்கெனவே ஆறிவிட்ட பழைய பச்சை இருந்தால் பாலூட்டத் தடையில்லை. லேசர் கொண்டு அழிப்பதையும் தள்ளிப்போடச் சொல்கிறார்கள், அது நிறமியைச் சிறு துண்டுகளாக உடைத்து உடலுக்குள் அனுப்புவதால்.

நான் எதிர்பாராத ஒரு சிரமமும் இருந்தது. பால் குடிக்கும்போது மகளின் விரல்கள் எப்போதும் என் இடது முன்கையைத்தான் நோண்டும்; எழுத்தும் அங்கேதான் இருந்தது. பொருக்கு உதிரும்வரை, ஏறத்தாழ மூன்று வாரங்கள், முழுக்கைச் சட்டையோடு வலப்பக்கமாகவே படுத்தேன். அவள் சட்டைக் கையின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே தூங்கினாள்.