கனெக்சின் 26: மகனின் காதுக்காக அலைந்த கதை

மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் முதலில் எழுந்த கேள்வி, யாரால் வந்தது என்பதுதான். அம்மாவிடம் பதில் தயாராக இருந்தது: மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று என் மனைவி கொல்லைக்குப் போனாள். உச்சிப்புளி கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் கூரைக்கு மேல் பறந்தபோதும் பிள்ளை தொட்டிலில் அசையவில்லையே என்று முதலில் சந்தேகப்பட்டவளும் என் மனைவிதான்.

சோதனைகளில் எங்களைப் படுத்தியது பெரா என்ற செவிநரம்புச் சோதனை. குழந்தை அயர்ந்து தூங்கினால்தான் தலையில் ஒட்டும் மின்முனைகள் செவிநரம்பின் சமிக்ஞையைச் சரியாகப் பிடிக்கும். ஆகவே மண்டபத்திலிருந்து மதுரை போகும்வரை தூங்கவிடாதீர்கள் என்றார்கள். பரமக்குடி தாண்டிய பஸ்ஸில் பெரியவர்களே விழித்திருப்பதில்லை! கிச்சுகிச்சு மூட்டி, அழவிட்டு, முன் இருக்கைக்காரரின் முறைப்பை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். 90 டெசிபல் ஒலிக்கும் இரு காதுகளிலும் பதில் இல்லை.

பிறகு மரபணுப் பரிசோதனை. ஜிஜேபி2 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் ஒரே பிழை என்று அறிக்கை வந்தது. அந்த மரபணு உருவாக்கும் கனெக்சின் 26 என்ற புரதத்துக்கு 226 அமினோ அமிலங்கள் வேண்டும். எங்கள் மகனுக்கு 24ஆவது இடத்திலேயே நிறுத்தக்குறி விழுந்து, புரதம் முழுமையாக உருவாகாமல் நின்றுவிடுகிறது. இந்த மரபணுவுக்கும் காது கேளாமைக்கும் உள்ள தொடர்பு 1997இல் தெரியவந்ததாம்.

மரபணு ஆலோசகர் பொறுமைசாலி. சுண்டெலிகளை வைத்து விளக்கினார். ஒலியை உணரும் மயிர்ச்செல்களில் இந்தப் புரதம் உருவாவதில்லை. அவற்றைச் சூழ்ந்து தாங்கும் செல்களில் உருவாகி, செல்லுக்குச் செல் நுண்ணிய வாசலாக அமைகிறது. சுண்டெலிக் குஞ்சு காது கேளாமல்தான் பிறக்கும். ஏறத்தாழ 12ஆம் நாள்தான் கேட்கத் தொடங்கும். அதற்குள் உட்காதில் கார்ட்டி சுரங்கம் என்ற இடைவெளி திறந்தாக வேண்டும். பிறந்த முதல் சில நாட்களில் கனெக்சின் 26 இல்லாவிட்டால் அது திறப்பதில்லை. அந்தக் கட்டம் கடந்தபின் புரதத்தை நீக்கினால் பாதிப்பு வெகுவாகக் குறைகிறது. உடல் முழுவதும் நீக்கினாலோ கரு தாய் வயிற்றிலேயே இறந்துவிடும். அதனால் காதில் மட்டும் நீக்கிப் பார்க்கிறார்கள். மனிதக் குழந்தைக்கு இந்த வளர்ச்சி கருப்பையிலேயே நடந்துவிடுகிறது என்றார்.

"பார்த்தாயா, கிரகணமும் அப்போதுதானே" என்றார் அம்மா. நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். ஆலோசகர் சிரிக்காமல் ஒரு தாளில் எங்கள் குடும்ப மரத்தை வரைந்தார். பிழையுள்ள பிரதி ஒன்று என்னிடமிருந்து, இன்னொன்று மனைவியிடமிருந்து. கரு உண்டான நொடியிலேயே முடிவான விஷயம். மனைவி என் தாய்மாமன் மகள். ஆகவே இரண்டும் அம்மா வழியாகவும் மாமா வழியாகவும் ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து இறங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம். அதன்பின் அம்மா கிரகணப் பேச்சை எடுக்கவில்லை.

இந்தக் குறைபாட்டில் செவிநரம்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும் என்பதால், உட்காதில் பொருத்தி அந்த நரம்பை நேரடியாகத் தூண்டும் காக்ளியர் கருவி பலன் தரும், சீக்கிரம் வையுங்கள் என்றார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்துகொண்டோம். வருமானச் சான்றிதழுக்கு ஓர் அலுவலகத்தில் நின்ற அலுப்பை எழுதினால் வயிறுதான் எரியும். முதலில் காது கேட்கும் கருவி போட்டுப் பார்த்தார்கள். பின்னர் ஸ்கேன், நிமோனியா தடுப்பூசி, அறுவை சிகிச்சை. சில வாரங்கள் கழித்துக் கருவியை இயக்கியதும் வீறிட்டு அழுதான். அறுவையோடு வேலை முடிந்துவிடாது. பேச்சுப் பயிற்சிதான் நீண்ட பாடு. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று: உப்புக் காற்றும் வியர்வையும் காதுக்கு வெளியே மாட்டும் பகுதியைக் கெடுத்துவிடும். தினமும் இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைத்தே ஆக வேண்டும்.

இப்போது என் தம்பிக்கு மாமாவின் இளைய மகளைப் பேசுகிறார்கள். இருவருக்கும் இரத்தம் பார்க்காமல் தட்டு மாற்றக் கூடாது என்று பிடிவாதமாக நிற்கிறேன். பிழை எதுவென்று தெரிந்துவிட்டதால் அதை மட்டும் தேடினால் போதும், முழுப் பரிசோதனை அளவுக்குச் செலவாகாது.