சபையார் எழுப்பும் சுவர்கள்

ஞாயிறு ஆராதனையில் அருகருகே அமர்ந்து பாடுகிறவர்கள், சனிக்கிழமை காலையில் ஒரே சுவரின் இரு முனைகளைப் பிடித்துத் தூக்கி நிறுத்துவதைப் பார்த்த நாள்முதல், வீடு கட்டும் ஊழியத்தின் மீது எனக்குத் தனிப் பற்று உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கிளாரன்ஸ் ஜோர்டனும் துணைவர்களும் 1942-இல் தொடங்கிய கொய்னோனியா என்ற கிறிஸ்தவக் கூட்டுவாழ்வுப் பண்ணையில் முளைத்த எண்ணத்தை வளர்த்து, மில்லார்ட் ஃபுல்லரும் அவர் மனைவி லிண்டாவும் 1976-இல், வருமானம் குறைந்த குடும்பங்களோடு சேர்ந்து வீடு கட்டும் ‘ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி’ அமைப்பை நிறுவினர்.

வீடு இனாமாகத் தரப்படுவதில்லை என்பதே இதில் என் மனத்தைத் தொட்டது. வீடு பெறும் குடும்பத்தினர் தாங்களும் பல மணி நேரம் கட்டுமானத்தில் உழைத்து, பிறகு தங்கள் வருமானம் தாங்கக்கூடிய தவணைகளில் வீட்டுக் கடனை அடைக்கிறார்கள். அந்தப் பணம் அடுத்த வீடுகளுக்கு உதவுகிறது. சபைகள் ஆட்களையும் நிதியையும் தருகின்றன. சில வேளைகளில் பல சபைகள் சேர்ந்து ஒரு வீட்டையே பொறுப்பேற்கின்றன. மின்சார வேலை போன்றவை தேர்ந்தவர்களுக்கே உரியவை.

நான் சென்ற நாளில், அவ்வீட்டில் குடியேறவிருந்த தாய், ஆணி வளைந்தபோதெல்லாம் அதைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் அடித்தார்; முதிய சபை மூப்பர் ஒருவர் பலகையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். மாலைக்குள் அந்தத் தாயின் சமையலறைச் சுவர் நின்றுவிட்டது.