பர்மா தேக்குக்குப் பக்கத்தில் பிளைவுட்

பழைய மரச்சாமான் வாங்கிப் புது பிளாட்டில் வைக்கிறவர்கள் பல பேர் அதை ஒரு மூலையில் நிறுத்தி, மேலே ஒரு பித்தளை விளக்கை வைத்து, குழந்தைகளைக் கிட்டே விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. வீட்டுக்குள் வந்த பொருளுக்கு தினமும் ஒரு வேலை இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டே வருஷத்தில் அது இடத்தை அடைக்கிற சாமானாகி, அடுத்த வீடு மாறும்போது கைமாறிவிடும்.

எங்கள் வீட்டில் ஒரு கணக்குப்பிள்ளை மேஜை இருக்கிறது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதுவதற்காகச் செய்த சாய்வு மேஜை, மூடியைத் தூக்கினால் உள்ளே சின்னச் சின்ன அறைகள், ஒரு ஓரத்தில் மசி கொட்டி ஊறிய கறை. அந்தக் கறையைச் சுரண்டி எடுக்கவா என்று ஆசாரி கேட்டார், கூடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். கறுப்பு இரும்புக் குழாயில் மேஜை உயரத்துக்கு ஒரு ஸ்டாண்ட் மட்டும் அடித்து அதன்மேல் வைத்தோம், ஒரு ஆணிகூட மரத்தில் இறங்கவில்லை, நாளைக்கே தூக்கித் தரையில் வைத்தாலும் பழையபடி இருக்கும். இப்போது சார்ஜர், சாவி, கரண்ட் பில் எல்லாம் அந்த அறைகளில்தான். பக்கத்தில் இருப்பது சாதாரண வெள்ளை பிளைவுட் புத்தக அலமாரி. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவே இல்லை.

கெடுப்பது எது தெரியுமா, தேக்கு மாதிரி அச்சடித்த லேமினேட். நிஜத் தேக்குக்குப் பக்கத்தில் அதை வைத்தால் லேமினேட் மட்டுமல்ல, தேக்கும் போலியாகத் தெரிகிறது. பழையதற்குப் "பொருத்தமாக" எதையும் வாங்காதீர்கள். வெள்ளை, சாம்பல், இரும்பு, கண்ணாடி, வெறும் பருத்தித் துணி என்று அலட்டல் இல்லாத புதுப் பொருள்களைப் பக்கத்தில் வையுங்கள். ஒரு அறைக்குப் பெரிய பழைய சாமான் ஒன்று போதும்.

இந்தச் சாமான்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் யோசிக்க வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், தட்டு, பீங்கான், பெட்டி, கட்டில், கதவு என்று ஒரு வீடே தெருவில் இறங்கி நிற்பது மாதிரி இருக்கும். செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் பர்மாவில் தொழில் செய்த காலத்தில் கப்பலில் வந்த தேக்கு அது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது பெரும்பாலோர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள், அப்புறம் பிள்ளைகள் ஊர் ஊராகப் போக, பங்குகள் பிரிய, பராமரிக்க முடியாத வீடுகளை இடித்து விற்கிறார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின, இடிப்பு அதோடு நின்றுவிடவில்லை. அதனால் நான் தூண், நிலைக்கதவு, உத்தரக் கட்டை வாங்குவதில்லை. மேஜையும் கட்டிலும் வீட்டுக்கு வந்து போகிறவை, தூண் அப்படி இல்லை, அதை எடுக்க வீட்டைச் சாய்த்தாக வேண்டும்.

சரி, கட்டிலுக்கு வருகிறேன், பலரும் மாட்டிக்கொள்கிற இடம் அதுதான். பழைய கட்டில் கட்டப்பட்டது மெல்லிய இலவம்பஞ்சு மெத்தைக்கு. அதன்மேல் இப்போது விற்கிற 8 அங்குல மெத்தையைப் போட்டால் உட்காரும்போது கால் தரையில் படாது, தலைமாட்டில் இழைத்திருக்கிற பூவேலையில் பாதி மறைந்துவிடும். 72க்கு 78 என்கிற கடை அளவும் அதற்குப் பெரும்பாலும் பொருந்தாது. கட்டிலின் உள்பக்கத்தை அளந்துகொண்டு போய் 4 அங்குலத்தில் மெத்தை தைக்கக் கொடுங்கள். வாங்கும் முன்பே லிஃப்ட்டையும் வாசலையும் அளந்துவிடுங்கள். நல்ல பழைய கட்டில்கள் கழற்றி மாட்டுகிற மாதிரிதான் இருக்கும், கழறாது என்று கடைக்காரர் சொன்னால் நடுவில் யாரோ ஆணி அடித்து இறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பார்க்க வேண்டிய இன்னொன்று, அடியில் மாவு. குனிந்து கால்களைச் சுற்றிப் பாருங்கள், குண்டூசி முனை அளவுக்கு ஓட்டைகளும் அதன் கீழே நைசான மாவும் இருந்தால் மரம் இன்னும் உளுத்துக்கொண்டிருக்கிறது. வைரம் பாய்ந்த தேக்கில் இது அபூர்வம், வெளிறை, அதாவது மரத்தின் வெளிப்பக்கத்து வைரம் பாயாத பகுதியை, நீக்காமல் செய்த இடத்தில்தான் பிடிக்கும். மருந்து அடிக்காமல் வீட்டுக்குள் கொண்டுவந்தால் உங்கள் புது அலமாரிக்கும் ஆபத்து.

பாலிஷ் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. காலின் உள்பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு லேசாகத் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்துக்கொண்டு பழுப்பாக வந்தால் அது அரக்குப் பாலிஷ். அதை உப்புத்தாள் போட்டு மழித்து, மேலே பி.யு. (பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக் பூச்சு) பாலிஷ் அடித்துப் பளபளவென்று ஆக்குவதற்கு இப்போது எல்லோரும் தயாராக இருக்கிறார்கள். வேண்டாம். பல கை பட்டு வந்த நிறம் அந்த மேல்தோலில்தான் இருக்கிறது, ஒருமுறை போனால் போனதுதான். அழுக்கைத் துடைத்துவிட்டு மேலே புதிதாக அரக்கு ஏற்றினால் போதும், பழைய பூச்சோடு அது சேர்ந்துகொள்ளும். சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும், உண்மைதான். ஆனால் அதே ஸ்பிரிட்டும் அரக்கும் வைத்து அந்த இடத்தை மட்டும் சரிசெய்துவிடலாம். பி.யு.வில் கீறல் விழுந்தால் அப்படித் தொட்டுச் சரிசெய்வது லேசில்லை.

ஊஞ்சல் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: பிளாட் கூரை பத்தடிதான். செட்டிநாட்டு முகப்பில் நீளமான சங்கிலியில் அது மெதுவாகப் போய் வருகிற சுகம் இங்கே கிடைக்காது, சங்கிலி குட்டையானால் ஆட்டம் வெடுக்கென்றுதான் இருக்கும். பலகை நல்ல பலகையாக இருந்தால் இரும்புக் கால் வைத்து ஜன்னலோரம் பெஞ்சாகப் போட்டுவிடுங்கள். இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம், ஒருவர் மதியம் படுத்தும் தூங்கலாம்.