பெண்ணையாற்றங்கரையில் ஒரு பி.ஏ. வரலாறு

4 டிசம்பர் 2024, புதன்

மூன்று நாளாகக் கரண்ட் இல்லை, இன்று மதியம்தான் வந்தது. போனைச் சார்ஜில் போட்டதும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நூற்றுச் சொச்சம் செய்தி. சாரம் ஒன்றுதான்: செமஸ்டர் தேர்வு தள்ளிவைப்பு. புயலுக்கு நன்றி சொல்லி எவனோ பொம்மை போட்டிருந்தான். அவன் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை போல.

ஞாயிறு முழுக்க மழை. திங்கள் விடியற்காலை சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை திருக்கோவிலூரில் எங்கள் தெருவுக்குள் முழங்கால் அளவுக்கு வந்தது. அம்மா அரிசி மூட்டையையும் ரேஷன் கார்டையும் பரணில் ஏற்றினாள். என் டிரங்குப் பெட்டி தரையிலேயே இருந்தது. ஞாபகம் வந்து தூக்கும்போது அதற்குள் ஒரு குடம் தண்ணீர்.

இன்று நோட்டுகளைத் திண்ணையில் பிரித்துக் காயப்போட்டேன். முதல் மூன்று யூனிட் ஜெல் பேனாவில் எழுதியது. ஊதாக் குளமாகக் கிடக்கிறது, குப்தர்கள் மொத்தமாகக் கரைந்துவிட்டார்கள். டெல்லி சுல்தான்களைப் பத்து ரூபாய் பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தேன். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இனி செத்தாலும் ஜெல் பேனா கிடையாது.

19 டிசம்பர், வியாழன்

தேர்வு எழுதியாகிவிட்டது. கைடு வாங்கித்தான் ஒப்பேற்றினேன். புதுமைப் பெண் ஆயிரம் ரூபாயில் பாதி அதற்கே போனது. அசோகரின் தம்மம் பற்றி எட்டுப் பக்கம் எழுதினேன். அதில் அசோகர் இரண்டு பக்கத்துக்கு மேல் இருக்கமாட்டார்.

6 ஜனவரி 2025, திங்கள்

நாலாவது செமஸ்டர் தொடக்கம். தமிழக வரலாற்றுப் பேப்பரை எடுக்கும் சார் இந்த முறை அசைன்மென்ட்டை மாற்றிவிட்டார். "கைடுல இருந்து காப்பி அடிச்சு ஸ்பைரல் போட்டுக் கொண்டாராதீங்க. உங்க ஊரைச் சுத்தி ஒரு கல்வெட்டு. அது என்ன சொல்லுது, வேற எவன் என்ன சொல்றான், அவ்வளவுதான். பத்துப் பக்கம்." இன்டர்னல் 25-ல் இதற்குக் கணிசமாகப் போடுவாராம்.

கடைசி பெஞ்சில் முனகல். சார் கௌரவ விரிவுரையாளர். மாசம் 25 ஆயிரம், அதுவும் வருஷம் முழுக்கக் கிடையாது. இந்தச் சம்பளத்துக்கு மனுஷன் கைடையே ஒப்பிக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை.

எனக்குக் கபிலர் குன்று. கேட்டு வாங்கினேன். பஸ் பாலத்தில் ஏறினால் ஆற்றுக்குள் தெரியும் ஒற்றைப் பாறை அது, உச்சியில் சின்னக் கோயில். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். பாரி செத்தபின் அவன் மகள்களை இந்தப் பக்கத்தை ஆண்ட மலையமான் வீட்டில் கட்டிக்கொடுத்துவிட்டுக் கபிலர் அங்கே தீக்குளித்தார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒரு ராத்திரியில் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

18 ஜனவரி, சனி

தை ஐந்து. ஆற்றுத் திருவிழா. சுற்றுப்பட்டுச் சாமியெல்லாம் ஆற்றுக்கு வந்துவிட்டன. சுருளிக்கிழங்கு வாங்கினோம், வழக்கம்போல அளவில் ஏமாற்றினார்கள்.

பெரியம்மா மகன் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை. மணலில் உட்கார்ந்து கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டான். "ஹிஸ்டரியா? படிச்சிட்டு என்னா பண்ணுவ?" டிஎன்பிஎஸ்சி என்றேன். எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். அந்தப் பதில் ஒரு ரெயின்கோட் மாதிரி, போட்டுக்கொண்டால் அதற்கு மேல் நனையமாட்டோம்.

24 ஜனவரி, வெள்ளி

வகுப்பு முழுக்க இரும்புப் பேச்சு. நேற்று முதலமைச்சர் அறிவித்தார்: சிவகளை அகழாய்வில் கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை போகிறது, அதாவது தமிழ் மண்ணில் இரும்புக்கு 5,300 வயது. ஒருவன் மேசையைத் தட்டினான். சார் சிரித்துக்கொண்டு கரும்பலகையில் இரண்டு எண் எழுதினார். மேலே 2172, மயிலாடும்பாறை, 2022-ல் சொன்னது. கீழே 3345, சிவகளை, 2025. "ரெண்டரை வருஷத்துல ஆயிரத்துச் சொச்சம் வருஷம் பின்னாடி போயிருக்கு. சந்தோஷப்படுங்க. ஆனா நோட்டுல பென்சிலால எழுதுங்க."

பேனாவை மூடிவிட்டுப் பென்சில் தேடினேன். பாதிப் பேரிடம் பென்சிலே இல்லை.

8 பிப்ரவரி, சனி

கீழையூர் வீரட்டானேசுவரர் கோயில். கபிலரைப் பற்றிய கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது, ராஜராஜன் காலத்தது. நோட்டு, டார்ச் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன்.

படிக்க முடியவில்லை. இதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். பன்னிரண்டு வருஷம் தமிழ் மீடியத்தில் படித்தவள், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழ் முன்னால் எழுத்துக்கூட்ட முடியாமல் நின்றேன். எழுத்துக்குப் புள்ளி கிடையாது. 'ர'வும் துணைக்காலும் ஒரே மாதிரி. குறில் எகரமா நெடில் ஏகாரமா, நாம்தான் ஊகிக்க வேண்டும். நடுநடுவே சமஸ்கிருதச் சொல்லுக்கான கிரந்த எழுத்து. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது, ஊரில் யாரோ மூச்சு விடாமல் பேசுகிற மாதிரி கல் போய்க்கொண்டே இருக்கிறது.

சார் சொல்லிக்கொடுத்தபடி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தேன். நேராக அடித்தால் வெறும் கருங்கல், சாய்த்து அடித்தால் ஒவ்வொரு கீறலிலும் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கிறது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஓரிடத்தில் 'திருமகள்போல' என்று கூட்டிவிட்டேன். ராஜராஜன் மெய்க்கீர்த்தியின், அதாவது கல்வெட்டுத் தொடக்கத்தில் வரும் அரசன் புகழுரையின், முதல் வார்த்தைகள். மனப்பாடப் பகுதியில் படித்ததால்தான் பிடிபட்டது, இல்லாவிட்டால் அதுவும் இல்லை. இருந்தும் கை நடுங்கியது. குருக்கள், "யாரும்மா, ஆர்க்கியாலஜியா?" என்று கேட்டார். காலேஜ் பொண்ணு என்றேன். பிரசாதம் கொடுத்தார்.

22 பிப்ரவரி, சனி

தோழியின் ஸ்கூட்டியில் ஜம்பை. என் தலைப்புக்கு நேரடிச் சம்பந்தம் இல்லை, பக்கத்து ஊர்தானே என்று போனோம். வழியில் பெட்ரோல் தீர்ந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளினோம்.

பாறைக் குகையில் ஒரே ஒரு வரி. 1981-ல் கண்டுபிடித்தது. தமிழ்பிராமி எழுத்தை இரண்டு வாரமாகப் பழகியிருந்ததால் விரலை வைத்துக்கொண்டு மெதுவாகப் போனேன்: ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பளி. அவ்வையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான், இங்கே முனிவர்களுக்குப் படுக்கை கொடுத்திருக்கிறான்.

முதல் வார்த்தைதான் விஷயம். அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் கூடவே 'சதியபுத்திரர்' என்று ஒரு பெயர் வரும். அது யார் என்று அறிஞர்கள் பல காலம் அடித்துக்கொண்டார்கள். அதியமான் குலம்தான் என்ற விடை ஆடு மேய்க்கிற இடத்தில், எங்கள் ஊரிலிருந்து ஸ்கூட்டி தூரத்தில் இருந்திருக்கிறது. டிசம்பரில் அசோகர் பற்றி எட்டுப் பக்கம் அளந்தேனே, அதில் இந்தப் பெயரே இல்லை.

அதியமான் தகடூர்க்காரன், இன்றைய தர்மபுரி. அவனுக்குக் கோவலூர்ப் பக்கம், அதாவது எங்கள் திருக்கோவிலூர்ப் பக்கம், என்ன வேலை என்று தோழி கேட்டாள். நல்ல கேள்வி. புறநானூறு 99-ல் அவ்வையார் அவனை 'முரண்மிகு கோவலூர் நூறி' என்று பாடுகிறார், கோவலூரை அழித்தவன் என்று. அடித்து நொறுக்கிய ஊருக்குப் பக்கத்திலேயே தானமும் கொடுத்திருக்கிறான். அழித்த பிறகா, முன்னாலேயா? வரி அதைச் சொல்லவில்லை.

11 மார்ச், செவ்வாய்

தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியில் கோயில் கல்வெட்டு அச்சில் கிடைத்தது. சார் தன் பையிலிருந்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். முதலில் கபிலர் வரிகளைத்தான் தேடினேன்.

'செஞ்சொற் கபிலன்... பாரிதன் அடைக்கலப் பெண்ணை மலையர்க்கு உதவி... கனல்புகும் கபிலக் கல்லது.'

ஊர்க்கதை சரிதான் என்று நிம்மதியாகப் புறநானூறு 236-ஐத் திறந்தேன். அங்கே உதைக்கிறது. பாட்டின் கொளு, அதாவது அடியில் வரும் பழைய குறிப்பு, பாரியின் மகளிரைப் 'பார்ப்பார்ப்படுத்து' வடக்கிருந்த கபிலர் பாடியது என்கிறது. வடக்கிருப்பது என்றால் வடக்குப் பார்த்து உட்கார்ந்து பட்டினி கிடந்து உயிர்விடுவது. கல்வெட்டில் மலையமானிடம் கொடுத்த பெண், கொளுவில் பார்ப்பாரிடம் போகிறாள். கல்வெட்டில் தீ, கொளுவில் பட்டினி. கல்வெட்டில் ஒரு பெண், கொளுவில் 'மகளிர்'. ஒரு ராத்திரி வேலை என்று நினைத்தவளுக்கு நல்லா வேணும்.

சாரிடம் ஓடினேன். "எது சார் உண்மை?" அவர் ஜெராக்ஸைத் திருப்பி என் கையிலேயே கொடுத்தார். "கபிலர் வர்ற நாலு வரியைத்தான் எல்லாரும் படிக்கிறாங்க. நீ மேல இருந்து படிச்சியா?"

படிக்கவில்லை.

13 மார்ச், வியாழன்

மேலே இருந்து படித்தேன். இரண்டு நாள் ஆயிற்று, அகராதி வைத்துக்கொண்டு.

கல்வெட்டுக்குக் கபிலர் முக்கியமே இல்லை. அது புகழ்வது ராஜராஜனின் அம்மா வானவன் மாதேவியை. மலையமான் வீட்டுப் பெண், சுந்தர சோழனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவன் இறந்ததும் உடன் தீப்புகுந்தாள். அதைக் கல் இப்படிச் சொல்கிறது:

'சுரந்த முலைமகப் பிரிந்து முழங்கெரி நடுவணும் தலைமகற் பிரியாத் தையல்.'

பால் சுரக்கும் முலையிலிருந்து பிள்ளையைப் பிரித்துவிட்டு, எரிகிற தீக்கு நடுவிலும் புருஷனைப் பிரியாதவள். எந்தப் பிள்ளை என்று வரியில் இல்லை.

சாப்பிடும்போது அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா நாலாவதோடு நின்றவள், நூறு நாள் வேலையில் கைரேகை மாதிரி கையெழுத்துப் போடுகிறவள். சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"பால் குடிக்கிற புள்ளைய வுட்டுட்டா போனா?"

"ஆமாம்மா. பெருமையா எழுதியிருக்காங்க."

"அவளா போனாளா, தள்ளிவுட்டாங்களா?"

பதில் தெரியவில்லை. அம்மா கொஞ்ச நேரம் கழித்து, "மாரு கட்டிக்கிட்டு வலிச்சிருக்குமே" என்றாள். அப்புறம் ரசம் ஊற்றினாள்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. ஒரே கல்வெட்டில் இரண்டு தீ. மலையமான் வீட்டுப் பெண் ஒருத்தி தீப்புகுந்ததைப் பாடும் கவிஞன், அந்த வீட்டோடு சம்பந்தப்பட்ட பழைய புலவரையும் தீக்குள் அனுப்புகிறான். பாரி வீட்டுப் பெண்ணையும் அந்த வீட்டிலேயே சேர்க்கிறான். மலையமான் குலத்துக்கு இதைவிடப் பெரிய மாலை கிடையாது. கபிலருக்கும் இந்தக் கல்லுக்கும் நடுவில் பல நூறு வருஷம். அப்படியானால் கபிலர் தீக்குளித்தாரா என்பதை விட, ராஜராஜன் காலத்தில் அவர் தீக்குளித்ததாகச் சொல்ல வேண்டிய தேவை யாருக்கு இருந்தது என்பதைத்தான் இந்தக் கல்வெட்டை வைத்துக் கேட்க முடியும். எழுந்து போன் வெளிச்சத்தில் எழுதி வைத்தேன். பால்பாயின்ட்.

27 மார்ச், வியாழன்

பத்துப் பக்கம் பதினேழு ஆகிவிட்டது. கொடுத்துவிட்டேன். அம்மாவின் கேள்வியை அப்படியே சேர்க்கலாமா என்று சாரிடம் கேட்டதற்கு, "அதை எடுத்தா உன் அசைன்மென்ட்ல என்ன இருக்கு?" என்றார். அடிக்குறிப்பு எப்படிப் போடுவது என்று தெரியாமல் 'என் தாயார், வீட்டில், இரவு உணவின்போது' என்று எழுதினேன். சத்தம் போட்டுச் சிரித்தார், அந்த வரியை அடித்துவிடவில்லை.

தோழியும் நன்றாகச் செய்திருந்தாள். வேறு நாலைந்து பேர் ஒரே ஜெராக்ஸ் கடையில் ஒரே கட்டுரையை வாங்கிப் பெயர் மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு நேராக வகுப்புக்கு வருகிறவன். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

23 ஏப்ரல், புதன்

தமிழக வரலாற்றுத் தேர்வு. பத்து மதிப்பெண் வினா: முதலாம் ராஜராஜனின் சாதனைகளை விவரி. கைடில் இருப்பதை ஒழுங்காக எழுதினேன்: காந்தளூர்ச்சாலை, ஈழப் படையெடுப்பு, நில அளவை, பெரிய கோயில். கடைசியில் இரண்டு வரி கூடுதலாக, அவன் அம்மாவைப் பற்றி. திருத்துகிறவர் அதற்கு அரை மார்க்கும் போடமாட்டார். முப்பத்தைந்து கட்டுத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு அவரும்தான் என்ன செய்வார்.

இன்டர்னல் 25-க்கு 22.

27 ஏப்ரல், ஞாயிறு

அம்மா வேலை இல்லாமல் வீட்டில் இருந்தாள். சாயங்காலம் வெயில் இறங்கியதும், "அந்தக் கல்லைக் காட்டு" என்றாள். எத்தனையோ வருஷமாக அதைத் தாண்டிப் போகிறவள்.

ஆற்றில் கணுக்கால் தண்ணீர். டிசம்பரில் ஊருக்குள் வந்த ஆறு இதுதான் என்று சொன்னால் நம்பமுடியாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்தோம். அம்மா பாறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள், அண்ணாந்து உச்சியைப் பார்த்தாள்.

"இங்கயா நெருப்புல வுழுந்தாரு?"

"கல்வெட்டு அப்படிச் சொல்லுதும்மா."

"மேல நாலு பேரு நிக்கவே எடம் இல்ல. அவ்ளோ வெறகையும் யாருடி தூக்கிட்டு ஏறுனது?"

சிரிப்பு வந்துவிட்டது. நோட்டைக் கொண்டுவராமல் போனேன். போனில் தட்டி வைத்துக்கொண்டேன். அதற்குள் அம்மா பாறை நிழலில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் நீட்டி, முந்தானையில் முடிந்துவந்த பொட்டுக்கடலையைப் பிரித்திருந்தாள்.