கூடைக் கைப்பிடி

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவனுக்கு ஸ்காட்லாந்து வாள் ஆராய்ச்சி எதுக்குங்க என்று மச்சான் கேட்கிறார். வெட்டுகிற அலகில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. அது பெரும்பாலும் ஜெர்மனியின் ஜோலிங்கனில் இருந்து வந்த சரக்கு. 'ஆண்ட்ரியா ஃபெராரா' என்று பழைய இத்தாலிய வாள் கொல்லரின் பெயரைப் பொறித்தால் நல்ல விலை போகும், ஆளாளுக்குப் பொறித்தார்கள்.

உள்ளூர்க் கொல்லனின் கைவேலையெல்லாம் பிடியில்தான். கை முழுவதையும் மூடுகிற இரும்புக் கூடை அது. கிளாஸ்கோ பாணியில் தகடுகளில் இதயமும் வட்டமுமாகத் துளைகள், எல்லாம் ஒழுங்காக, அடக்கமாக. இன்னொரு ஸ்காட்லாந்து ஊரான ஸ்டெர்லிங்கின் கொல்லர்கள் அப்படி அடங்குகிற ஆட்களே இல்லை. அந்த ஊர்க் கொல்லர் வால்டர் ஆலன் செய்த பிடியைப் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள்: கம்பிகள் எஸ் வடிவில் நெளியும், சிலவற்றில் இரும்புக்குள் பித்தளைக் கோடு இழைத்திருக்கும். பவர் டூல் இல்லாத காலம், சாமி! கூடையின் அடியில் அவர் பெயரின் முதலெழுத்துகளும் ஊருக்கு ஒரு எஸ்ஸும் இருந்தால் கொண்டாட்டம்தான்.

1746-இல் ஹைலேண்டர்கள், அதாவது ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக்காரர்கள், ஆயுதம் வைத்திருக்கத் தடை வந்தது. அந்த நூற்றாண்டில் ராணுவத்துக்கென்று இங்கிலாந்தில் மொத்தமாகச் செய்த கூடைகள் மெல்லிய தகடு. அது நம்மூர் கான்ட்ராக்ட் வேலை மாதிரி, எண்ணிக்கை சரியாக இருந்தால் பில் பாஸ்.