இடது ஓரத்தில் ஆளில்லை

2024-25 பருவத்தில் 42 புள்ளி, 18 தோல்வி, 15ஆம் இடம். 1992இல் இங்கிலாந்தின் முதல்தரக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து மன்செஸ்டர் யுனைட்டெட் இவ்வளவு கீழே போனதே இல்லை. பருவம் முடிந்ததும் பரந்தன் சந்தித் தேத்தண்ணிக் கடையில் இதே கதைதான். "காசு கூடிப்போச்சு அண்ணை, அவங்களுக்கு விளையாட மனமில்லை" என்றார்கள் எங்கள் ஊர்க் கழகத்துத் தம்பிமார். எனக்கு அது சரியாகப் படவில்லை. எந்தப் பயிற்சியாளருக்காக அந்த வீரர்களை வாங்கினார்களோ அவர் போய்விட்டார். வந்தவருக்குத் தேவையானவர்கள் அணியில் இல்லை. என் கோபமெல்லாம் வாங்கியவர்கள் மேல்தான்.

எரிக் டென் ஹாக் 2022இல் பயிற்சியாளராக வந்தார். நெதர்லாந்தின் அஜெக்ஸில் தன்னிடம் ஆடியவர்களையே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டார்: லிசான்ட்ரோ மார்ட்டினெஸ், அன்டனி, பிறகு ஒனானா, டி லிக்ட், மஸ்ராவி. அன்டனிக்கு மட்டும் 95 மில்லியன் யூரோ. 2025 ஜனவரியில் அவரை ஸ்பெயினின் பெட்டிஸுக்கு இரவல் கொடுத்துவிட்டார்கள். 2023-24இல் அணி 8ஆவதாக வந்தபோதே டென் ஹாக்கை அனுப்பியிருக்கலாம். எஃப்ஏ கிண்ணத்தை வென்றார் என்று ஒப்பந்தத்தை நீட்டினார்கள், கோடையில் அவர் முறைக்கு ஏற்ற ஆட்களை வாங்கிக் கொடுத்தார்கள், 2024 ஒக்டோபர் 28இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பருவத்தில் நடந்த பிழைகளில் இதுதான் பெரியது.

அடுத்து ரூபன் அமோரிம். ஸ்போர்ட்டிங்கை 19 வருடத்துக்குப் பிறகு போர்த்துக்கல் சம்பியனாக்கியவர். பருவம் முடிந்து வரவே விரும்பினார். இப்ப வராவிட்டால் இனி இல்லை என்ற நிலையில்தான் நவம்பரில் வந்தார். அவருடைய ஆட்டம் 3-4-3. பின்னால் மூன்று பேர், இரண்டு ஓரத்திலும் 90 நிமிடமும் மேலும் கீழும் ஓடக்கூடிய விங்-பெக்குகள். அந்த இருவர் சரியில்லை என்றால் அந்த முறையே இல்லை.

இதை நான் ஓரத்தில் ஆடிய அனுபவத்தில் சொல்கிறேன். இடது பக்கத்துக்குரிய லூக் ஷோ காயத்தில் கிடக்க, வலது காலால் ஆடும் டலோட் இடது பக்கத்தில் நிறைய ஆட்டங்கள் ஆடினார். அவரை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். பந்து வரும், கோட்டோரம் ஓட இடமும் இருக்கும். ஆனால் குறுக்கே போட அவர் பந்தை உள்ளே இழுத்து வலது காலுக்கு மாற்ற வேண்டும். அந்த இரண்டு விநாடிக்குள் எதிரணிப் பின்வரிசை முழுக்கத் திரும்பி நின்றுவிடும். நடுவில் ஓடிவந்த முன்கள வீரர் ஹொய்லுண்ட் வெறுங்கையோடு நிற்பார். ஹொய்லுண்ட் லீக்கில் 4 கோல், சேர்க்ஸீ 3 கோல் என்றதும் இருவரையும் திட்டுகிறோம். அவர்களுக்குப் பந்து எப்படி வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. அதுவும் ஹொய்லுண்டை 20 வயதில் 64 மில்லியன் பவுண் கொடுத்து வாங்கி, முழுச் சுமையையும் தலையில் வைத்தது கழகம்.

அமோரிமிலும் பிழை இருக்கிறது. இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணி நிற்குது என்று பார்த்துத்தானே சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டம் வைத்து முடிவெடுக்கிறோம்? அவர் இருந்த தண்ணியை, அதாவது கையிலிருந்த வீரர்களை, பார்க்கவில்லை. அணித்தலைவர் புரூனோவைப் பல ஆட்டங்களில் கோலிலிருந்து தள்ளி நடுவில் இறக்கினார். பக்கத்தில் கஸமிரோ, இல்லாவிட்டால் உகார்டே. இரண்டு பேர் நிற்கும் நடுக்களத்தை எதிரணிகள் மூன்று பேரை வைத்துச் சுலபமாகத் தாண்டின. அவருக்குக் கீழ் 27 லீக் ஆட்டத்தில் 27 புள்ளி. பெப்ரவரியில் இத்தாலியின் லெச்சேயிலிருந்து டோர்கு வந்தபோதுதான் இடது காலால் ஆடும் ஒரு விங்-பெக் கிடைத்தார். அவருக்கும் அப்போது 20 வயதுதான்.

ரொட்டன்ஹாமோடு ஸ்பெயினின் பில்பாவோவில் நடந்த யூரோப்பா லீக் இறுதியாட்டம் எங்களுக்கு இரவு 12.30க்குத் தொடங்கியது. 42ஆவது நிமிடம் ரொட்டன்ஹாமின் பப்பே சார் குறுக்கே போட்ட பந்து, அவர்களது பிரெனன் ஜோன்சனும் காயத்திலிருந்து திரும்பியிருந்த ஷோவும் முட்டுப்பட்ட இடத்தில் உள்ளே போனது. அதன்பிறகு ரொட்டன்ஹாம் முழுக்கப் பின்னால் போய் நின்றது. அவர்கள் ஆட்டம் முழுக்க கோலுக்கு முயன்று அடித்தது மூன்றே மூன்று தடவை, நாங்கள் 16 தடவை. ஹொய்லுண்ட் தலையால் முட்டியதை வான் டி வென் கோட்டில் வைத்துக் காலைத் தூக்கி வெளியே அடித்தாரே, அதைத் தவிர நெஞ்சு அடிக்க வைத்த தருணங்கள் குறைவு. லீக்கில் 17ஆவதாக வந்த அணியை உடைக்க எங்களிடம் வழி இருக்கவில்லை.

2025 கோடையில் வூல்வ்ஸிலிருந்து முன்கள வீரர் குன்யாவை 62.5 மில்லியன் பவுணுக்கு எடுத்தார்கள். லீக்கில் 15 கோல் அடித்தவர், அமோரிமின் முறைக்கும் பொருந்தக்கூடியவர், எனக்குச் சந்தோசம்தான். ஆனால் என் கையில் அந்தக் காசு இருந்திருந்தால், நடுக்களத்தில் ஓடிப் பந்து பறிக்கும் ஒருவரைத்தான் முதலில் வாங்கியிருப்பேன். கஸமிரோவுக்கு அப்போது 33 வயது. 2025-26 ஐரோப்பியப் போட்டி இல்லாத வருடம் என்றாலும் லீக்கில் 38 ஆட்டம் இருந்தது.